ஆறாத மனக்காயத்தை ஆண்டவரிடம் கொண்டுபோவது எப்படி?

பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர் என நம் கடற்கரை ஊர்களில் பல வீடுகளில் பழைய காயம் ஒன்று பேசப்படாமலே கிடக்கிறது. கடலுக்குப் போன தகப்பனின் உடல்கூடக் கிடைக்காமல் போயிருக்கலாம். குடித்துவிட்டு அடித்த கையின் நினைவு இன்றும் தூக்கத்தைக் கெடுக்கலாம். மறந்துவிடு என்று ஆறுதல் சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இயேசு தம் சீடர் பேதுருவை அப்படிக் குணமாக்கவில்லை.

தலைமைக் குருவின் முற்றத்தில், இயேசு பிடிபட்ட இரவில், கரிநெருப்பில் குளிர்காய்ந்தபடியே, பேதுரு அவரைத் தெரியாது என்று மும்முறை மறுதலித்தார். உயிர்த்த ஆண்டவரோ திபேரியக் கடற்கரையில் மீண்டும் ஒரு கரிநெருப்பை மூட்டி, மீனும் அப்பமும் கொடுத்துப் பசியாற்றிய பிறகே, "என்மீது அன்பு செலுத்துகிறாயா?" என்று மும்முறை கேட்டார். யோவான் நற்செய்தியின் 18, 21 ஆம் அதிகாரங்களை அடுத்தடுத்து வாசியுங்கள். காயம்பட்ட இடத்திற்கே அவர் நம்மோடு திரும்பி வருகிறார் என்பதே என் உறுதியான நம்பிக்கை.

ஆகவே காயத்தை அவரிடம் சொல்லும் இந்தச் செபத்தைப் பட்டினியோடும் தூக்கமின்றியும் தொடங்க வேண்டாம். சாப்பிட்டபின் தனியே கால்மணி நேரம் அமர்ந்து, ஒரே ஒரு நிகழ்ச்சியை மட்டும் எடுத்து, நடந்ததை நடந்தபடியே அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கோபம் வந்தால் அதையும் சொல்லுங்கள். விவிலியத்தின் திருப்பாடல் 13 எத்தனை காலம் என்னை மறந்திருப்பீர் என்று கடவுளையே கேட்கிறது. 88 ஆம் திருப்பாடல் இருளிலேயே முடிகிறது. இவற்றைத் திருச்சபை நீக்கிவிடவில்லை.

பேதுருவின் காயம் அவருடைய தவற்றால் வந்தது. பிறர் உங்களுக்கு இழைத்த தீங்கு அப்படிப்பட்டதன்று. சிறுவயதில் உங்களைச் சீரழித்தவரின் குற்றத்தை உங்கள் பாவமாக எண்ணி பாவ அறிக்கை செய்யும் ஒப்புரவுத் தொட்டியில் அழுதுகொண்டிருக்க வேண்டாம். பங்குத்தந்தையிடமோ நம்பிக்கையான அருட்சகோதரியிடமோ அதைத் துயரமாகவே சொல்லுங்கள். உடல் கிடைக்காதவருக்குக் கல்லறை இல்லை என்பது பெரிய வேதனை. கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று அவர் பெயரைச் சொல்லித் திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கேளுங்கள், கல்லறைத் தோட்டத்துச் சிலுவையடியில் அவருக்கும் ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள்.

மறைசாட்சியான புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693 இல் இரத்தம் சிந்திய ஓரியூருக்குப் போய்ச் செம்மண் எடுத்துவருவது நம் வழக்கம். மனம்விட்டுப் பேசக்கூடிய ஒருவரோடு போனால், வழியில் பல ஆண்டுப் பாரம் தானே வெளிவரும்.

மன்னிப்பு கடைசியில் வரட்டும். அவசரப்படுத்தினால் அது வாயளவில் நின்றுவிடும். மன்னிப்பது வேறு, மீண்டும் அடிக்க இடம்கொடுப்பது வேறு. இன்றும் அடி விழுகிற வீடானால் முதலில் பாதுகாப்பைத் தேடுங்கள்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. உறக்கமே இல்லாமல் போனாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ, 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை அன்றே அழையுங்கள். மருத்துவர் மாத்திரை கொடுத்தால் அதை விசுவாசக் குறைவாக எண்ணாமல், செபத்தோடு சேர்த்தே சாப்பிடுங்கள்.