லேப்டாப்ல வைஃபை 6, 6இ, 7னு போட்டிருக்கான், அதை எப்படிப் படிக்கிறது

லேப்டாப் வாங்கும்போது ரேம் எவ்ளோ, பிராசஸர் எந்த ஜெனரேஷன்னு நாலு வீடியோ பாத்து மண்டையை உடைச்சுக்கிறோம், ஸ்பெக் ஷீட்ல வைஃபைனு ஒரு வரி வந்தா மட்டும் "இருக்குல்ல, போதும்"னு தாண்டிப் போயிடுறோம். சரி, அந்த வரியைப் படிச்சுட்டு வாங்குறவங்களாவது தப்பிச்சாங்களான்னா அதுவும் இல்ல, வைஃபை 7னு ஸ்டிக்கர் ஒட்டின லேப்டாப் ஒரு நல்ல வைஃபை 6 லேப்டாப்பை விடக் கொஞ்சம்தான் கூட ஓடும்ங்கிற கூத்து நிஜமாவே நடக்குது. அந்த நம்பருக்குப் பின்னாடி மூணு விஷயம் ஒளிஞ்சிருக்கு: எந்த பேண்ட் (அதாவது எந்த அலைவரிசைல பேசுது), சேனல் (அந்த பேண்டுக்குள்ள டேட்டா ஓடுற பாதை) எவ்ளோ அகலம், எத்தனை ஆன்டெனா. இந்த மூணையும் பாக்கத் தெரிஞ்சுட்டா ஸ்டிக்கர் உங்களை ஏமாத்த முடியாது.

மொதல்ல பேர் குழப்பத்தை முடிச்சிடலாம். பழைய ஸ்பெக்ல 802.11என், 802.11ஏசின்னு வாயில நுழையாத பேரா இருக்கும். 2018 அக்டோபர்ல, வைஃபைக்கு சர்டிபிகேட் குடுக்குற அமைப்பான வைஃபை அலையன்ஸ் இதையெல்லாம் நம்பரா மாத்தினாங்க, என்னுக்கு 4, ஏசிக்கு 5, ஏஎக்ஸுக்கு 6. அப்புறம் வந்த 802.11பிஇ தான் 7, அதுக்கான சர்டிபிகேஷன் 2024 ஜனவரில ஆரம்பிச்சது. நடுவுல 6இனு ஒண்ணு இருக்கே அது தனி தலைமுறை கிடையாது, அதே ஏஎக்ஸ் தான், 6 கிகாஹெர்ட்ஸ் பேண்ட்லயும் வேலை செய்யும்னு அர்த்தம். கடைக்காரர் 802.11ஏஎக்ஸ்னு மட்டும் போட்டிருந்தா அது 6ஆ 6இஆன்னு அதை வெச்சுத் தெரியாது, லேப்டாப்புக்குள்ள இருக்கிற வைஃபை கார்டோட மாடல் பேரைக் கேட்டு வாங்கணும்.

இப்ப பேண்ட். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனா அதுல ஒண்ணு மேல ஒண்ணு ஏறாத சேனல் பொதுவா 1, 6, 11னு மூணுதான், அந்த மூணுல அக்கம்பக்கத்து ரவுட்டர் எல்லாம் மோதும், போதாததுக்கு ப்ளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்துலதான் கத்தும். 5ல இடம் நிறைய. 6ல அதை விட நிறைய, பழைய டிவைஸ் எதுவும் அங்க வர முடியாதுங்கிறதால அமைதியாவும் இருக்கும், ஆனா சுவர்னா அதுக்குப் பயம், ஒரு கான்கிரீட் சுவர் தாண்டினாலே தொங்கிடும். இன்னொண்ணு, இந்த 6 கிகாஹெர்ட்ஸ் எல்லா நாட்லயும் ஒரே அளவுக்குத் திறந்து விடல, அமெரிக்கால 2020ல 1200 மெகாஹெர்ட்ஸ் முழுசா குடுத்தாங்க, ஐரோப்பால அடுத்த வருஷம் கீழ்ப்பகுதி 480 மெகாஹெர்ட்ஸ் மட்டும் குடுத்தாங்க. உங்க ஊர் விதி என்னவோ அதைப் பொறுத்துதான் உங்க 6இ கார்டோட மதிப்பு.

சேனல் அகலம்தான் வேகத்துல பாதிக்கதை. 20, 40, 80, 160, வைஃபை 7ல 320 மெகாஹெர்ட்ஸ். அகலம் டபுள் ஆனா வேகமும் ஏறக்குறைய டபுள். ஆனா 320 வேணும்னா 6 கிகாஹெர்ட்ஸ்ல மட்டும்தான் இடம் இருக்கு, அதனால 2.4, 5 மட்டும் உள்ள ரவுட்டர் மேல வைஃபை 7னு எழுதியிருந்தாலும் அதுல 320 கெடைக்கவே கெடைக்காது. அப்படி நிறைய ரவுட்டர் விக்கிறாங்க, சட்டப்படி தப்பும் இல்ல, 6 கிகாஹெர்ட்ஸ் கட்டாயம்னு விதி கிடையாது. லேப்டாப் கார்டுலயும் இதே கதை உண்டு, இன்டெலோட பிஇ200 கார்டு 320 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும், பிஇ202 கார்டு 160ஓட நின்னுடும், பெட்டி மேல ரெண்டுக்கும் வைஃபை 7தான்.

ஆன்டெனாவை ஸ்பெக்ல 2x2, 1x1னு போடுவாங்க. சாதாரண லேப்டாப்ல ரெண்டு ஆன்டெனா ஸ்க்ரீனைச் சுத்தி ஒளிச்சு வெச்சிருப்பாங்க, ரெண்டு வழியாவும் தனித்தனி டேட்டா போகும், அதான் 2x2. விலை குறைச்ச மாடல்ல ஒண்ணே ஒண்ணு வெச்சு 1x1 குடுப்பாங்க, இன்டெல் ஏஎக்ஸ்101 அப்படித்தான், வைஃபை 6 தான் ஆனா பாதி வேகம். 1x1 வைஃபை 6 வாங்குறதுக்கு 2x2 வைஃபை 5 எவ்ளவோ தேவலாம்னு நான் சொல்லுவேன்.

சரி, இப்ப உங்க கையில இருக்கிற லேப்டாப்லயே பாக்கலாம். விண்டோஸ் 11ல செட்டிங்ஸ் போய் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதுல வைஃபை, அதுக்குள்ள கனெக்ட் ஆகியிருக்கிற நெட்வொர்க்கோட ப்ராபர்ட்டீஸ் தொறந்து கீழ இறங்குங்க. ப்ரோட்டோகால்னு ஒரு வரி, நெட்வொர்க் பேண்ட்னு ஒரு வரி, லிங்க் ஸ்பீடுனு ஒரு வரி இருக்கும். மேக்ல ஆப்ஷன் கீயை அழுத்திக்கிட்டே மேல இருக்கிற வைஃபை ஐகானை கிளிக் பண்ணா இதே விவரம் எல்லாம் கொட்டும், சும்மா கிளிக் பண்ணா வராது.

அந்த லிங்க் ஸ்பீடு நம்பர் இருக்கே, லேப்டாப்பும் ரவுட்டரும் நொடிக்கு எத்தனை மெகாபிட் வேகத்துல பேசிக்குதுன்னு காட்டுறது, அதைப் படிக்கத் தெரிஞ்சா ஜாதகம் பாத்த மாதிரி எல்லாம் சொல்லிடலாம். 2x2 கார்டுனு வெச்சுக்குங்க, ரவுட்டருக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க. 144 காட்டினா பழைய வைஃபை 4, 20 மெகாஹெர்ட்ஸ் அகலம், பெரும்பாலும் 2.4ல மாட்டியிருக்கீங்க. 287 காட்டினா வைஃபை 6 தான் ஆனா 20 மெகாஹெர்ட்ஸ்லயே நிக்குது. 867னா வைஃபை 5, 80 மெகாஹெர்ட்ஸ். அதே இடத்துல 433 வந்தா ஒரு ஆன்டெனாதான் வேலை செய்யுது, ஒண்ணு கார்டே 1x1, இல்லைன்னா உள்ள ஒரு வயர் கழண்டிருக்கு. 1201னா வைஃபை 6, 80 மெகாஹெர்ட்ஸ். 2402னா அதுவே 160. 2882னா வைஃபை 7, 160. 5764 பாத்தீங்கன்னா 6 கிகாஹெர்ட்ஸ்ல 320ல உக்காந்திருக்கீங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்குங்க, அடுத்த ரூமுக்குப் போனா அது இருக்காது.

விளையாட்டுக்குச் சொல்லல, நெஜமாவே லேப்டாப்பைக் கையில தூக்கிட்டு நடந்து பாருங்க. 2402ல ஆரம்பிச்சு கதவு தாண்டினதும் 1921, சுவர் தாண்டினதும் 1441, இன்னும் ஒரு ரூம் தள்ளிப் போனா 865னு படிப்படியா இறங்கும். ஏன் இப்படின்னா, ஒவ்வொரு சிக்னல் துடிப்புலயும் எத்தனை பிட் திணிக்கிறதுன்னு கார்டும் ரவுட்டரும் அப்பப்ப முடிவு பண்ணுது. வைஃபை 5ல அதிகபட்சம் 8 பிட், 6ல 10, 7ல 12. ஒரே தாள்ல எழுத்தைப் பொடிசாக்கிக்கிட்டே போற மாதிரி, பக்கத்துல இருந்தா படிச்சிடலாம், கொஞ்சம் தள்ளி நின்னா எறும்பு ஊருற மாதிரிதான் தெரியும், அப்ப எழுத்தைப் பெருசாக்கி எழுதச் சொல்லும், வேகம் குறையும். அந்த 12 பிட் எல்லாம் ரவுட்டர் இருக்கிற ரூமுக்குள்ள மட்டும் நடக்குற சமாச்சாரம்.

இன்னொரு விஷயம், லிங்க் ஸ்பீடு 1201னா ஃபைல் அந்த வேகத்துல வராது, சுமார் அறுபது எழுபது சதவீதம் கெடைச்சா சந்தோஷப்படுங்க, அப்புறம் அது மெகாபிட், டவுன்லோடு பாக்ஸ்ல காட்டுறது மெகாபைட், எட்டால வகுத்துக்கணும். உங்க நெட் பிளானே 100 மெகாபிட்னா வைஃபை 5 லேப்டாப்புக்கே அது தாராளம், கார்டு மாத்தினா நெட் வேகம் ஏறாது. ஆனா ஒரே வீட்ல பத்துப் பதினஞ்சு டிவைஸ் இருந்தா அங்க 6க்கு அர்த்தம் உண்டு, ஏன்னா அதுல ஒரே சேனலைத் துண்டு போட்டு ஒரே நேரத்துல நாலஞ்சு பேருக்குக் குடுக்க முடியும், பழசுல ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் மத்தவங்க க்யூல நிக்கணும். வீடியோ கால் திக்குறது குறையும், ஸ்பீடு டெஸ்ட்ல இது தெரியாது.

நான் பட்ட பாட்டை சொல்லிடுறேன். ரவுட்டரை வைஃபை 6க்கு மாத்தின அன்னைக்கு போன்ல எல்லாம் நெட்வொர்க் பேர் வருது, பழைய லேப்டாப்ல மட்டும் லிஸ்ட்லயே இல்ல. பாஸ்வேர்டு தப்புன்னா கூட பரவால்ல, பேரே காணோம். ரீஸ்டார்ட் பண்ணேன், ரவுட்டரை ரீசெட் பண்ணேன், ராத்திரி பன்னெண்டு மணிக்கு கார்டு செத்துப் போச்சுன்னு முடிவே பண்ணிட்டேன். கடைசில பாத்தா டிரைவர், அதாவது கார்டை ஓட்டுற சாஃப்ட்வேர், பழசு, ரவுட்டர் "நான் ஏஎக்ஸ்"னு அறிவிக்கிற பீக்கனைப் புரிஞ்சுக்கத் தெரியாம அந்த நெட்வொர்க்கையே மொத்தமா ஒதுக்கிடுது. வைஃபை 6 வர்றதுக்கு முன்னாடி வந்த கார்டு சிலதுல இது தெரிஞ்ச வியாதிதான். ரவுட்டர்ல ஏஎக்ஸ் மோடை கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணி, லேப்டாப்பைக் கனெக்ட் பண்ணி, டிவைஸ் மேனேஜர்ல கார்டு மாடலைப் பாத்து அதைத் தயாரிச்ச கம்பெனி சைட்ல இருந்து டிரைவர் இறக்கிப் போட்டதும் சரியாச்சு. விண்டோஸ் "லேட்டஸ்ட் டிரைவர்தான் இருக்கு"ன்னு சொன்னதை நம்பினதுதான் நான் பண்ண தப்பு.

இதுக்கு நேர் எதிர் பிரச்சனையும் வரும், லேப்டாப் புதுசு, ரவுட்டர் புதுசு, ஆனா 6 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரியல. வரிசையா பாருங்க. விண்டோஸ் 10னா விட்டுடுங்க, 6 கிகாஹெர்ட்ஸுக்கு விண்டோஸ் 11 வேணும், வைஃபை 7 முழுசா வேணும்னா அந்த விண்டோஸ் 11லயே 24ஹெச்2ங்கிற அப்டேட் வேணும். அடுத்து பாதுகாப்பு செட்டிங், 6 கிகாஹெர்ட்ஸ்ல டபிள்யூபிஏ2 பாஸ்வேர்டு முறை அனுமதியே இல்ல, டபிள்யூபிஏ3 தான், ரெண்டும் கலந்த மோடும் அங்க செல்லாது. பழைய ரவுட்டர் செட்டிங்கை அப்படியே காப்பி பண்ணவங்க இதுலதான் மாட்டுவாங்க. அப்புறம் டிவைஸ் மேனேஜர்ல கார்டோட அட்வான்ஸ்டு டேப் தொறந்து பேண்ட் விருப்பம், வயர்லெஸ் மோடு ரெண்டையும் யாராவது நோண்டி வெச்சிருக்காங்களான்னு பாருங்க.

5 கிகாஹெர்ட்ஸ்ல 160 போட்டவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவ்ளோ அகலம் வேணும்னா பெரும்பாலும் ரேடார் பயன்படுத்துற சேனல் உள்ள வந்துடும், அதனால ரவுட்டர் பேசுறதுக்கு முன்னாடி குறைஞ்சது 60 நொடி காதைத் தீட்டிக் கேக்கணும்னு விதி, நடுவுல ரேடார் மாதிரி எதையாவது கேட்டா உடனே சேனலைக் காலி பண்ணணும். ஏர்போர்ட், வானிலை ரேடார் பக்கத்துல இருக்கிறவங்க "திடீர்னு வைஃபை ஒரு நிமிஷம் காணாமப் போகுது"ன்னா மொதல்ல 80க்கு இறக்கிப் பாருங்க.

வைஃபை 7 விளம்பரத்துல ரெண்டு பேண்டை ஒண்ணா சேர்த்து ஓட்டும், எம்எல்ஓன்னு பெருசா போடுவாங்க. ரவுட்டர் பக்கம் அது சரி, ஆனா இன்டெல் கார்டு மாதிரி லேப்டாப்ல வர்றதுல ரெண்டு லிங்க்லயும் காதை வெச்சுக்கிட்டு எது காலியோ அதுல மாறிப் பேசுற வகைதான் இருக்கு, ரெண்டு வேகத்தையும் கூட்டிப் போட்டு கணக்கு பாக்காதீங்க. நெரிசல்ல தாமதம் குறையும், அதுவே பெரிய லாபம்தான்.

கார்டை மட்டும் மாத்தலாமான்னு நிறைய பேர் கேப்பாங்க. மாத்தலாம், ஆனா மெலிசான லேப்டாப் பலதுல போர்டுலயே சால்டர் பண்ணியிருப்பான், அங்க கதை முடிஞ்சது. கார்டைச் சொருகுற எம்.2 2230ங்கிற சின்ன ஸ்லாட் இருந்தா இன்டெல் கார்டுல கடைசி நம்பரைப் பாருங்க: ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 தனியா இயங்குற கார்டு, ஏஎம்டி லேப்டாப்லயும் ஓடும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211, பிஇ201 இதுல பாதி வேலை இன்டெல் பிராசஸர் பக்கம் நடக்குது, பொருந்துற இன்டெல் போர்டு இல்லாம உசுரே வராது. ஸ்லாட்ல அழகா உக்காரும், அதனாலயே ஏமாந்து வாங்குறாங்க. பிஇ200 தனி கார்டு மாதிரி தெரிஞ்சாலும் ஏஎம்டில தகராறு பண்ணும், அங்க மீடியாடெக்கோ குவால்காமோ பாத்துக்குங்க. சில பழைய லேப்டாப்ல பயாஸுக்கு (ஆன் பண்ணதும் மொதல்ல ஓடுற உள் சாஃப்ட்வேர்) தெரியாத கார்டைப் போட்டா பூட் ஆக மாட்டேன்னு அடம் பிடிக்கும், வாங்குறதுக்கு முன்னாடி உங்க மாடல் பேரோட தேடிப் பாருங்க.

மாத்தும்போது மொதல்ல பேட்டரி கனெக்டரைக் கழட்டுங்க. அப்புறம் கடுகு சைஸ்ல ரெண்டு ஆன்டெனா கனெக்டர் இருக்கும், அதை மேல தூக்கி எடுக்கணும், பக்கவாட்டுல இழுத்தா கார்டு பக்கத்து வளையமே பேத்துக்கிட்டு வந்துடும். எது எந்தப் பக்கம்னு கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ. திரும்ப மாட்டும்போது நேரா மேல வெச்சு விரல் நுனியால அழுத்தினா மெல்ல "டக்"னு கேக்கும், கேக்கலைன்னா உக்காரலைன்னு அர்த்தம், பலத்தைக் காட்டாம எடுத்துத் திரும்ப வைங்க. மூடி ஸ்க்ரூ போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஆன் பண்ணி லிங்க் ஸ்பீடு பாத்துடுங்க, எதிர்பாத்ததுல சரியா பாதி காட்டினா ரெண்டுல ஒரு வயர் இன்னும் கடிக்கல.