‘மலைக்கடியில் நகரம்’ என்று ஃபார்வர்டு வந்தால்: சேலத்துக்காரர்களுக்கு ஒரு செய்முறை

ஏற்காடு மலையின் படம் ஒன்று, மேலே சிவப்பு எழுத்தில் ‘12,000 ஆண்டுகள்’, கீழே ‘தமிழனாக இருந்தால் பகிரவும்’. சேலத்தில் ஏதாவது ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் இருப்பவர்களுக்கு இந்த வகை பழகியதுதான். பொய் என்று சிரித்துத் தள்ளுவது எளிது, நம்பி அனுப்பிவிடுவது அதைவிட எளிது. உட்கார்ந்து சோதித்துப் பார்ப்பது எப்படி என்று இங்கே படிப்படியாக எழுதுகிறேன். தொல்லியல் படித்திருக்க வேண்டியதில்லை. போனும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

பயிற்சிக்கு ஒரு மாதிரி வைத்துக்கொள்வோம். பல ஃபார்வர்டுகளில் வரும் சரக்கைக் கலந்து நானே எழுதியது:

“சேர்வராயன் மலைக்கு அடியில் 12,000 ஆண்டுப் பழைய தமிழர் நகரம்! குமரிக்கண்டம் மூழ்கியபோது தப்பி வந்தவர்கள் கட்டியது. ராட்சதக் கற்சுவர்கள்! 20 அடி மனித எலும்புக்கூடு! கற்களின் வயது கார்பன் சோதனையில் உறுதி. அலெக்சாண்டருக்குப் பரிசாகப் போன வாளும் இவர்கள் கஞ்சமலை இரும்பில் செய்ததே. அரசு மறைக்கிறது!”

படி 1: துண்டு துண்டாகப் பிரியுங்கள்

மொத்தமாகப் படித்தால் இது ஒரே செய்தி மாதிரி தெரியும். ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: நகரம், குமரிக்கண்டம், சுவர், எலும்புக்கூடு, கார்பன் சோதனை, வாள், அரசு மறைப்பது. ஏழு தனித்தனிக் கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்று வேண்டும். ஒன்று உண்மையாக இருந்துவிட்டால் மற்ற ஆறும் உண்மை ஆகிவிடாது. இந்த மாதிரிச் செய்திகள் பிழைப்பதே அப்படித்தான்: கஞ்சமலையில் இரும்புத் தாது இருப்பது நிஜம், அதன் தோளில் ஏறிக்கொண்டு மற்றதெல்லாம் வரும்.

இந்தப் பட்டியலில் சாமி விஷயத்தைச் சேர்க்காதீர்கள். சேர்வராயன் கோயில் குகை காவிரி வரை போகிறது என்று ஊரில் சொல்வார்கள். அதை வைத்து யாரும் ஆண்டுக் கணக்கு சொல்லவில்லை, ஆய்வறிக்கை என்று காட்டவில்லை. அது இருந்துவிட்டுப் போகட்டும்.

படி 2: முதலில் படம்

படத்தை கூகுள் லென்ஸில் போடுங்கள். பெரும்பாலும் இந்தப் படியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

20 அடி எலும்புக்கூட்டுப் படம் இதற்கு நல்ல உதாரணம். நம் ஊரில் ‘கடோத்கஜன் எலும்புக்கூடு’ என்று பல ஆண்டுகள் சுற்றிய அந்தப் படம் 2002-ல் இணையத்தில் நடந்த ஒரு படமாற்றப் போட்டிக்காகச் செய்யப்பட்டது. அடியில் இருக்கும் நிஜப் படம் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஹைட் பார்க் என்ற இடத்தில் 2000-ல் நடந்த அகழாய்வு. அங்கே தோண்டியது மாஸ்டோடான், அதாவது யானையின் அழிந்துபோன உறவினத்தை. அதன் மேல் ஒரு மனித எலும்புக்கூட்டை ஒட்டி, ஆட்களை எறும்பளவில் தெரியவிட்டார்கள். ஒரே படம் இங்கே கடோத்கஜனுக்கும், வேறு நாடுகளில் அவரவர் வேத நூல்களில் வரும் ராட்சதர்களுக்கும் சாட்சி சொன்னது.

படி 3: ‘எதன் வயது?’ என்று கேளுங்கள்

‘கற்களின் வயது கார்பன் சோதனையில் உறுதி’ என்ற வரியைப் பார்த்ததும் நிறுத்திவிடலாம். கார்பன் சோதனை ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருளுக்கு: கரி, விதை, எலும்பு, மரம். உயிர் போனதும் உடலில் இருக்கும் கார்பன்-14 குறையத் தொடங்கும், 5,730 ஆண்டுகளில் பாதியாகும். சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் அளக்கப் போதுமான அளவு மிஞ்சாது. கல்லில் இந்தக் கடிகாரமே ஓடாது. சேர்வராயன் மலையின் பாறை சார்னகைட் வகை. அதற்கு வேறு முறைகளில் வயது கணித்தால் ஏறக்குறைய 250 கோடி ஆண்டு வரும். அது பாறை உருவான காலம், அதை யாராவது அடுக்கிய காலம் இல்லை.

சரி, கல்லை விட்டு மரத்தையே சோதித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ‘அந்த மரம் எங்கே, எந்த மண்ணடுக்கில், எதோடு சேர்ந்து கிடந்தது?’ என்று கேட்க வேண்டும். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் நடந்தது இதுதான். 2002 தொடக்கத்தில், கடலுக்கடியில் சுமார் 9,500 ஆண்டுப் பழைய நகரம் என்று மத்திய அமைச்சரே அறிவித்தார். அந்த வயது, கடலடியிலிருந்து வாரி எடுத்த ஒரு மரத்துண்டுக்கு உரியது. வாரி எடுத்த பொருளுக்கு அடுக்கு கிடையாது. ஓட்டம் மிகுந்த அந்த வளைகுடாவில் எங்கிருந்தோ அடித்து வந்திருக்கலாம். மரத்துக்கு வயது இருப்பதால் பக்கத்தில் சோனாரில் (ஒலியலை அனுப்பிக் கடலடியைப் பார்க்கும் கருவி) தெரிந்த கட்டம் கட்டமான நிழல்களுக்கும் அதே வயது என்று சொல்ல முடியாது.

கீழடியில் கிடைத்த கி.மு. 580 என்ற காலம் இப்படி வந்ததல்ல. எந்தக் குழி, எத்தனை சென்டிமீட்டர் ஆழம் என்று குறித்து எடுத்த மாதிரியின் வயது அது.

படி 4: கல்லைப் போய்ப் பாருங்கள்

‘ராட்சதச் சுவர்’ படங்களில் பாதி இயற்கைப் பாறைதான். பூமிக்கடியில் அழுத்தத்தில் இருந்த பாறை வெளியே வந்து அழுத்தம் குறையும்போது நேர்கோட்டில் விரிசல் விடும். குறுக்கும் நெடுக்கும் விரிசல் விழுந்தால் செங்கல் அடுக்கியது போலவே தெரியும். அப்புறம் மழையும் வெயிலும் முனைகளைத் தின்று, வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரித்து, கல்லை உருண்டையாக்கும். ஏற்காடு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் சாலைக்காக வெட்டிய பாறையைப் பாருங்கள், இந்த விரிசல்கள் தெரியும்.

ஆள் வெட்டிய கல்லில் தடயம் இருக்கும். ஆப்பு அடிக்க வரிசையாகப் போட்ட குழிகள், உளி கொத்திய தழும்பு, பக்கத்தில் சிதறிய சில்லுகள். சந்தேகம் வந்தால் குவாரியில் வேலை செய்தவர் யாரையாவது கூட்டிப் போங்கள். யூடியூபில் ஒரு மணி நேரம் பார்ப்பதைவிட அவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

நிஜமாகவே மனிதர் நட்ட பெருங்கற்களும் நம் பக்கத்தில் உண்டு: கல்வட்டம், கல்திட்டை, கற்பதுக்கை. பலகைக்கல்லை மூன்று நான்கு பக்கமும் நிறுத்தி, மேலே ஒரு மூடுகல் வைத்திருப்பார்கள். சிலவற்றில் முன்பலகையில் வட்டமாக ஒரு இடுதுளை. இறந்தவர்களுக்காக எழுப்பியவை, பெரும்பாலும் இரும்புக் காலத்தவை. இவற்றை ஒரு ஊரில் பாண்டவர் வீடு என்பார்கள், இன்னொரு ஊரில் குள்ளர் வீடு என்பார்கள். ஒரே மாதிரி கல்லுக்கு ஒரு பக்கம் ராட்சதன், மறுபக்கம் குள்ளன்! கட்டியவர்கள் நம்மளவு ஆட்கள்தான். கல்லை நெம்பவும் சறுக்கவும் ஆள் சேர்க்கவும் தெரிந்தவர்கள்.

படி 5: குப்பை எங்கே?

ஒரே ஒரு படிதான் நினைவில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும். மற்றதெல்லாம் இதற்குத் துணை.

நகரம் என்றால் ஆயிரக்கணக்கானவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சமைத்துச் சாப்பிட்ட இடம். பானை உடைந்திருக்கும். சுட்ட மண் மக்காது, எத்தனை ஆயிரம் ஆண்டானாலும் ஓடு ஓடாகவே கிடக்கும். அடுப்புச் சாம்பல், கடித்துப் போட்ட எலும்பு, தேய்ந்த அம்மி, செத்தவர்களின் புதைகுழி. கோயிலும் அரண்மனையும் கடலில் மூழ்கலாம், மண்ணில் புதையலாம். குப்பை மட்டும் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்கும். ஆகவே ‘இவ்வளவு பெரிய நகரத்தின் பானை ஓடு எங்கே?’ என்று கேளுங்கள்.

இது நியாயமான கேள்வியா என்று சரிபார்க்க, நிஜமாகவே அவ்வளவு பழைய ஒரு இடத்தை எடுத்துக்கொள்ளலாம். துருக்கியின் கோபெக்லி டெபே ஏறக்குறைய 11,500 ஆண்டுப் பழையது. தொலைந்த நாகரிகக் கதை சொல்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் காட்டுவார்கள். அங்கே என்ன கிடைத்தது? செதுக்கிய தூண்களோடு, வேட்டையாடித் தின்ற மான் இனங்களின் எலும்பு, சிக்கிமுக்கிக் கல் கருவிகள், அரைக்கும் கற்கள். உலோகம் இல்லை. வேட்டையாடி வாழ்ந்தவர்கள் கட்டினார்கள் என்று அந்தக் குப்பைதான் சொல்லிக்கொடுத்தது.

இப்போது நம் மலைக்கு வாருங்கள். சேர்வராயன் மலையிலும் பழைய மனிதரின் பொருள்கள் கிடைத்திருக்கின்றன, ஆனால் அவை ஃபார்வர்டில் வருவதில்லை. 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடாரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், நிலவியல் துறையில் இருந்தவர், பிற்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தார். 1912-ல் மறைந்த அவருடைய நினைவிடம் அங்கே ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. இந்த மலையில் கிடைத்த மெருகேற்றிய புதிய கற்காலக் கோடாரிகளை அவர் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கோடாரிகளை மலைமக்கள் சின்னச் சின்னப் பிள்ளையார் கோயில்களில் வைத்திருந்தார்கள். எது எந்த ஊரில் கிடைத்தது என்று குறித்துவைத்த அவருடைய சேகரிப்பு, சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனது. கையளவு கல்தான், ஆனால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், அளக்கலாம், ‘நீ சொல்வது தப்பு’ என்று வாதாடலாம்.

மேட்டூர்ப் பக்கம் தெலுங்கனூர், மாங்காடு ஊர்களில் கிடைத்த இரும்பு கி.மு. 1500 அளவுக்குப் போகிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கி.மு. 2172 என்ற காலம் வந்தது. நம் மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டத்திலும் இப்படி ஒரு சரக்கு இருக்கும்போது இருபதடி ஆள் எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றும்.

குப்பையைப் பார்க்கும்போதும் ஒரு எச்சரிக்கை. கஞ்சமலைச் சுற்றில் இரும்புக் கசடு கண்ணில் படலாம். கறுப்பாக, நுரைத்து உறைந்த கல். (நாட்டு மருந்துக்கடையில் மண்டூரம் என்று விற்பதும் இரும்புக் கசடுதான்.) கசடு கிடந்தாலே சங்க காலம் என்று குதிக்க வேண்டாம். சேலம் வட்டாரத்தில் 19-ம் நூற்றாண்டிலும் நாட்டு உலைகள் எரிந்தன. பக்கத்தில் கறுப்பு-சிவப்புப் பானை ஓடு (இரும்புக் காலத்தில் புழங்கியது) இருக்கிறதா, எந்த அடுக்கில் இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் காலம் பற்றிப் பேச்சு.

படி 6: முதலில் சொன்னவர் யார், எப்போது?

அலெக்சாண்டர் வாளை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், கர்ட்டியஸ் என்ற ரோமானிய எழுத்தாளரிடம் ஒரு வரி கிடைக்கும்: பஞ்சாப் பக்கத்து மக்களின் தூதர்கள் அலெக்சாண்டருக்கு 100 தாலந்து (அந்தக் கால எடை அளவு) ‘வெள்ளை இரும்பு’ கொடுத்தார்கள் என்று. அதில் வாள் இல்லை, கஞ்சமலை இல்லை, தமிழகமே இல்லை. அலெக்சாண்டர் வந்தது கி.மு. 326, கர்ட்டியஸ் எழுதியது கி.பி. முதல் நூற்றாண்டில். தென்னிந்திய உருக்கு உலகப் புகழ் பெற்றது உண்மை, அதற்கு ஈரோடு மாவட்டம் கொடுமணலில் அகழாய்வில் கிடைத்த உலைகள் இருக்கின்றன. இந்த வாளுக்கு ஒன்றும் இல்லை.

குமரிக்கண்டத்துக்கும் இதையே செய்யுங்கள். பஃறுளி ஆறும் குமரிக்கோடும் கடலில் போனதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்த நினைவு பழையது. லெமூரியா என்ற கண்டம் 1864-ல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் வைத்த ஊகம். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் எப்படி வந்தன என்பதற்கு அவருக்கு ஒரு நிலப்பாலம் தேவைப்பட்டது. நிலத்தட்டுகள் நகர்வது உறுதியானதும் அந்தப் பாலத்துக்கு வேலை இல்லாமல் போனது. இரண்டையும் ஒட்டிவைத்தது பிற்காலம். கடல் ஏறியதும் உண்மைதான்: கடைசிப் பனியூழிக்குப் பின் சுமார் 120 மீட்டர். ஆனால் அது பல ஆயிரம் ஆண்டுகளில், சராசரியாக ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக. கடற்கரைக்காரர்கள் கொஞ்சம் உள்ளே தள்ளிக் குடியேறப் போதுமான நேரம். ஏற்காடு வரை ஓடிவர வேண்டிய அவசியம் இல்லை.

படி 7: ‘மறைக்கிறார்கள்’

இதைச் சோதிக்க வழியே கிடையாது, அதனால்தான் சேர்க்கிறார்கள். ‘கீழடியில் மறைக்கப் பார்க்கவில்லையா?’ என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. 2023-ல் கொடுத்த அறிக்கையைத் திருத்தச் சொல்லி 2025-ல் மத்தியத் தொல்லியல் துறை கேட்டது, பெரிய சண்டையானது. எனக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. ஆனால் அந்தச் சண்டை எந்த அடுக்குக்கு என்ன காலம் என்பது பற்றியது. பொருள்கள் கீழடி அருங்காட்சியகத்தில் கண்முன் இருக்கின்றன. மலைக்கடி நகரத்துக்குச் சண்டை போட ஒரு ஓடுகூட இல்லை.

படி 8: பதில் எழுதுவது

அனுப்பியவர் பெரியப்பாவாக இருந்தால் ‘ஃபேக்’ என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காதீர்கள். குழுவில் எல்லார் முன்னாலும் வேண்டாம், தனியாக எழுதுங்கள்: “பெரியப்பா, இந்தப் படம் அமெரிக்காவில் எடுத்தது போல இருக்கிறது, லிங்க் அனுப்பியிருக்கிறேன் பாருங்கள். மேட்டூர்ப் பக்கம் நிஜமாகவே 3,500 வருஷத்து இரும்பு கிடைத்திருக்கிறதாம், அது தெரியுமா?” இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள். பெருமைப்பட ஆசைப்படுகிறவரிடமிருந்து ஒன்றைப் பிடுங்கினால் வேறொன்றைக் கொடுக்க வேண்டும்.

படி 9: நீங்களே எதையாவது கண்டால்

நடக்கும்போது நிஜமாகவே பானை ஓடோ, தாழியின் விளிம்போ, கற்கோடாரியோ தென்பட்டால் எடுக்காதீர்கள், தோண்டாதீர்கள். இடத்தை விட்டு எடுத்த பொருள் காம்பே மரத்துண்டின் கதிதான். பக்கத்தில் ஒரு ஸ்கேலோ பேனாவோ வைத்துப் படம் எடுங்கள், கொஞ்சம் தள்ளி நின்று சுற்றுப்புறத்தோடு இன்னொரு படம், போனில் இருப்பிடத்தைச் சேமியுங்கள். இடத்தை ரீல்ஸில் போட்டால் மறுநாளே புதையல் தேடிக் கடப்பாரையோடு ஆள் வரும். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ சொல்லுங்கள், மாநிலத் தொல்லியல் துறைக்கும் எழுதுங்கள். மண்ணில் புதைந்து கிடைத்த மதிப்புள்ள பொருளை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. மறைத்தால் தண்டனை உண்டு. கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.