நார்ஃபோக் மழையில் பறவை பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மழை என்று செல்போனில் பார்த்ததுமே அறையை ரத்து செய்வதுதான் முதல் தவறு. இங்கிலாந்தின் வடக்கு நார்ஃபோக் கரையில் மழையைவிடக் காற்றின் திசையும் கடல் ஏற்றமும்தான் முக்கியம். செப்டம்பர், அக்டோபரில் கிழக்குக் காற்றோடு மழையும் சேர்ந்தால், வட கடலைத் தாண்டி வரும் பறவைகள் களைத்துப்போய்க் கரையோரப் புதர்களிலேயே இறங்கிவிடும். ஐந்தாறு கிராம் எடைதான் இருக்கும் கோல்ட்கிரெஸ்ட் என்னும் குட்டிப் பறவை, ஆள் நிற்பதைக்கூடச் சட்டை செய்யாமல் பூச்சி பொறுக்கும். உச்சந்தலையின் மஞ்சள் கோடு வெறுங்கண்ணுக்கே தெரியும். மேற்குக் காற்றும் நல்ல வெயிலுமாக இருக்கும் நாளில் அதே புதர் வெறிச்சோடிக் கிடக்கும்.

அடுத்தது வாஷ் வளைகுடாக் கரையில் உள்ள ஸ்னெட்டிஷம். ஆயிரக்கணக்கான நாட் உள்ளான்கள் (சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகள்) புகைபோலச் சுழலும் படங்களைப் பார்த்துவிட்டு, காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பத்து மணிக்குப் போய் நிற்பார்கள். அங்கே சேறு மட்டும்தான் இருக்கும். வளைகுடாவில் நீர் ஏறி, சேற்றை முழுக்க மூடினால்தான் பறவைகள் எழும்பிக் கரைக்குப் பின்னால் உள்ள குளங்களுக்கு வரும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரிய ஏற்றத்தில்தான் அது நடக்கும். அதுவும் பெரும்பாலும் அதிகாலையில் அல்லது மாலையில். உச்ச நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே கார் நிறுத்துமிடத்தில் இருங்கள். அதற்குப் பிறகு நடையும் இருக்கிறது. ஏற்ற அட்டவணை கிரீன்விச் நேரத்தில் அச்சாகியிருந்தால், கோடையில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

பைனாகுலரில் 10x25 (பத்து மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 25 மி.மீ. அகலம்) வாங்கி வருவது இன்னொரு தவறு. 25-ஐப் பத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 2.5 மி.மீ.தான், மேகமூட்டத்தில் பறவை கறுப்பு நிழலாகவே தெரியும். 8x42 என்றால் ஐந்து மி.மீ.க்கு மேல். லென்ஸில் துளி விழுந்தால் சட்டை நுனியால் தேய்க்காதீர்கள்: ஒட்டியிருக்கும் மணல், லென்ஸின் மேற்பூச்சைக் கீறிவிடும். முதலில் உதறி, ஊதி, பிறகு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். இரவில் ஹீட்டர் மேல் வைக்காமல், மூடிகளைக் கழற்றி அறையிலேயே உலர விடுங்கள்.

கிளே சதுப்பு நிலம் 1926-இலேயே பறவைகளுக்காக வாங்கப்பட்டது; கோணமூக்கு உள்ளானை அங்கே பார்க்கலாம். மறைந்திருந்து பறவை பார்க்கும் மறைவுக்குடிலில் காற்றை எதிர்த்த பலகைச் சன்னலைத் திறந்தால் மழை நேரே லென்ஸில் அடிக்கும். காற்றுக்கு முதுகு காட்டும் குடிலாகப் பார்த்து உட்காருங்கள்.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் நாள் முழுக்கக் காயாது.

ஊர் சுற்றுவதிலும் கவனம் வேண்டும். பிளேக்னி முனைக்குச் சீல் (கடல்நாய்) பார்க்கப் போகும் படகுகள் மார்ஸ்டனிலிருந்து ஏற்றத்தைப் பொறுத்துத்தான் கிளம்பும்; நினைத்த நேரத்துக்குக் கிடைக்காது. வெல்ஸ் கடற்கரையில் நீர் ஏறுவதை எச்சரிக்கும் சைரன் ஒலித்தால், மணல்திட்டில் நிற்பவர்கள் உடனே கரைக்குத் திரும்ப வேண்டும். பின்னாலிருக்கும் கால்வாய்தான் முதலில் நிரம்பும். ஹோல்கம் மாளிகை எல்லா நாளும் திறந்திருக்காது. டிசம்பரில் மாலை நாலு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பப்பில் முன்கூட்டியே இடம் சொல்லிவைக்காவிட்டால், மூன்று மணிக்கு மேல் சிப்ஸ் பாக்கெட்டோடு திருப்திப்பட வேண்டியதுதான்.