வண்டி புதுசு, ஏற ஆள் இல்லை: சிறிய ஊர் தீயணைப்பு நிலையங்களின் பட்ஜெட் தவறுகள்

சிறிய ஊரின் தீயணைப்பு நிலையத்துக்குப் பணம் ஒதுக்கும் கூட்டத்தில் முதலில் பேச்சுக்கு வருவது வண்டிதான். வண்டி கண்ணுக்குத் தெரியும், வாசலில் நிறுத்திப் படம் எடுக்கலாம். நடு இரவில் அதில் ஏற எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடுவதால் வருபவை.

பெரிய தவறு, ஆட்களைத் தலைக்கணக்கில் எண்ணுவது. "12 பேர் இருக்கிறார்கள், மூன்று ஷிப்ட், ஆக ஷிப்டுக்கு நாலு பேர்" என்று காகிதத்தில் அழகாக வகுத்துவிடுவார்கள். கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போடுங்கள். வண்டியில் ஒரு இருக்கை ஆண்டு முழுக்க இரவும் பகலும் நிரம்பியிருக்க 8,760 மணி நேர உழைப்பு வேண்டும். வாரம் 48 மணி நேரம் வேலை பார்க்கும் ஒருவர் ஆண்டுக்குத் தருவது 2,496 மணி. அதில் லீவு, உடம்பு சரியில்லாத நாட்கள், வெளியே போய்ப் பயிற்சி எடுக்கும் நாட்கள் என்று ஒரு 300 மணி போனால் மிச்சம் சுமார் 2,200. அதாவது ஒரு இருக்கைக்கு நாலு பேர், நாலு இருக்கைக்கு 16 பேர். 12 பேரை வைத்து ஓட்டினால் இடைவெளியை ஓவர்டைம் நிரப்பும், இல்லாவிட்டால் மூன்று பேரோடு வண்டி கிளம்பும். ஓவர்டைம் செலவு எகிறியதும் "நிர்வாகம் சரியில்லை" என்று பழி வரும். தப்பு முதல் நாள் போட்ட வகுத்தலில் இருக்கிறது.

மூன்று பேர் போனால் என்ன ஆகிவிடும்? அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2010-இல் வெளியிட்ட சோதனை முடிவு இதற்குப் பதில் சொல்கிறது. சாதாரண வீட்டுத் தீயில் செய்ய வேண்டிய 22 வேலைகளை நாலு பேர் கொண்ட குழுக்கள், இரண்டு பேர் குழுக்களைவிட 30 சதவீதமும் மூன்று பேர் குழுக்களைவிட 25 சதவீதமும் வேகமாக முடித்தன. இன்னொரு காரணமும் உண்டு. எரியும் கட்டடத்துக்குள் இருவர் போனால் வெளியே இருவராவது தயாராக நிற்க வேண்டும் என்பது அந்த நாட்டின் பணியிடப் பாதுகாப்பு விதி. உயிரைக் காப்பாற்ற உடனே உள்ளே போக வேண்டிய நேரத்துக்கு மட்டும் விலக்கு. மூன்று பேரோடு போய் நின்றால், அடுத்த வண்டி வரும்வரை வெளியிலிருந்தே தண்ணீர் அடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சரி, 16 பேருக்குச் சம்பளம் கொடுக்கச் சின்ன ஊரால் முடியாது. அதனால் தன்னார்வலர்களை நம்புவார்கள், அதில் தவறே இல்லை. தவறு பதிவேட்டில் உள்ள பெயர்களை எண்ணுவது. 30 பேர் பதிந்திருக்கலாம். வேலை நாளில் காலை 11 மணிக்கு அவர்களில் எத்தனை பேர் ஊரில் இருப்பார்கள்? வேலைக்காகப் பலர் வெளியூர் போய்விடும் ஊர்களில் பகல்தான் மெலிந்த நேரம். கையில் கொஞ்சம் பணம்தான் என்றால், அதை 24 மணி நேரத்துக்கும் மெலிதாகப் பூசாமல், ஆள் கிடைக்காத அந்தப் பகல் நேரத்துக்கு இரண்டு மூன்று பேரைச் சம்பளத்துக்கு வைப்பது நல்லது என்பது என் கருத்து. அதற்கு முன் கடந்த ஓராண்டு அழைப்புகளை எடுத்து, எந்த மணிக்கு எத்தனை பேர் உண்மையில் வந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்கும்போது சராசரி ஏமாற்றும். ஒன்பது அழைப்புகளுக்கு 5 நிமிடத்தில் போய், பத்தாவதுக்கு 25 நிமிடம் எடுத்தாலும் சராசரி 7 நிமிடம்தான். கேட்க நன்றாக இருக்கும், அந்தப் பத்தாவது வீட்டுக்காரரைத் தவிர. முதல் வண்டி வந்த நேரத்தோடு, போதிய ஆட்கள் சேர்ந்த நேரத்தையும் அளக்க வேண்டும். தன்னார்வத் தீயணைப்புத் துறைகளுக்கான அமெரிக்கத் தரநிலை, மக்கள் நெருக்கம் குறைந்த கிராமப்புறத்துக்கு 14 நிமிடத்தில் ஆறு பேர், அதுவும் பத்தில் எட்டு அழைப்புகளுக்கு, என்று ஆளையும் நேரத்தையும் சேர்த்தே வைத்திருக்கிறது.

பக்கத்து ஊர் உதவிக்கு வரும் என்று எழுதிவைப்பதும் ஆபத்து. அவர்களும் தங்கள் கணக்கில் நம் ஆட்களைத்தான் எழுதியிருப்பார்கள். நிலைமை கைமீறிய பிறகு கூப்பிடுவதைவிட, கட்டடத் தீ என்றாலே இரு ஊர் வண்டிகளும் ஒரே நேரத்தில் கிளம்பும்படி முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டால் உதவி உதவியாக இருக்கும். உயர ஏணி வண்டி போல எப்போதாவது தேவைப்படுவதை இரண்டு மூன்று ஊர்கள் பகிர்ந்துகொள்ளலாம்.

அடுத்தது மானியம். மூன்றாண்டு மானியத்தில் ஆளைச் சேர்த்துவிட்டு நாலாவது ஆண்டுச் சம்பளத்தை யோசிக்காமல் விடுவது பல இடங்களில் நடக்கிறது. ஒரு தடவை வரும் பணத்தை ஒரு தடவைச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆள் சேர்க்கத்தான் மானியம் என்றால், முதல் ஆண்டிலிருந்தே உள்ளூர் பட்ஜெட்டில் அந்தச் சம்பளத்தின் ஒரு பங்கைச் சேர்த்து ஏற்றிக்கொண்டே வர வேண்டும்.

கருவிகளின் ஆயுள் முன்பே தெரிந்த விஷயம். தீக்கவச உடைக்கு அமெரிக்கத் தரநிலைப்படி தயாரித்த நாளிலிருந்து 10 ஆண்டு. மூச்சுக் கருவியில் காற்று அடைக்கும் நாரிழை சிலிண்டர்கள் வழக்கமாக 15 ஆண்டு. ஹோஸுக்கும் பம்புக்கும் ஆண்டுதோறும் சோதனை. அப்படியிருந்தும் 16 உடைகளையும் ஒரே ஆண்டில் வாங்கி, பத்தாவது ஆண்டில் மொத்தமாகத் திகைப்பார்கள். ஆண்டுக்கு இரண்டு வாங்கினால் இந்தச் சிக்கலே வராது.

தண்ணீர் லாரி மலிவாகக் கிடைத்தால் வாங்கும் முன் எடையைப் பாருங்கள். 8,000 லிட்டர் தண்ணீர் என்றால் 8 டன். பால் லாரியையோ எண்ணெய் லாரியையோ மாற்றி எடுத்தால், அதன் அடிச்சட்டமும் (சேஸ்) பிரேக்கும் அதற்குத் தாங்குமா என்று தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

வெட்டு என்று வந்தால் முதலில் போவது பயிற்சியும் தடுப்புப் பணியும் மருத்துவப் பரிசோதனையும். அமெரிக்காவில் பணியில் இறக்கும் தீயணைப்பு வீரர்களின் மரணத்துக்கு முதன்மைக் காரணங்களில் ஒன்று திடீர் மாரடைப்பு. பரிசோதனைச் செலவை வெட்டுவது அந்த வகையில் மோசமான சிக்கனம். தெருவோரத் தீயணைப்புக் குழாய்களான ஹைட்ரண்ட்களைச் சரிபார்ப்பதையும் விட்டுவிடுவார்கள். அமெரிக்காவில் காப்பீட்டுக்காக ஊர்களைத் தரம் பிரிக்கும் அட்டவணையில் தீயணைப்புத் துறைக்கு 50 புள்ளி, தண்ணீர் வசதிக்கு மட்டும் 40. வண்டி எத்தனை இருந்தாலும் குழாயில் அழுத்தம் இல்லாவிட்டால் என்ன பயன்?

கடைசியாக, பணம் ஒதுக்கும் ஊர் மன்றத்தின் முன் பட்ஜெட்டை வைக்கும் விதம். "எங்களுக்கு இன்னும் பணம் வேண்டும்" என்று கேட்டால் "எல்லாத் துறையும் அதைத்தான் கேட்கிறது" என்ற பதில்தான் வரும். அதற்குப் பதில், ஒவ்வொரு தொகைக்கும் எதிரே அது இல்லாவிட்டால் எது நிற்கும் என்று எழுதிக் கொடுங்கள். இந்தத் தொகை குறைந்தால் வார நாள் பகலில் வண்டியில் இரண்டு பேர்தான், அடுத்த ஊர் வண்டி வரும்வரை யாரும் உள்ளே போக மாட்டார்கள் என்று. முடிவெடுப்பது மன்றத்தின் வேலை. ஆனால் எதை வெட்டினோம் என்று தெரிந்தே வெட்டியதாகக் கூட்டக் குறிப்பில் பதிவாகட்டும்.