64 பட்டனில் 53 சுருதி: மாயாமாளவகௌளையிலிருந்து தொடங்குவோம்

கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம் பக்கம் மாரியம்மன் நோம்பியில் (திருவிழாவில்) வள்ளி கும்மி நடந்தால், பாடுகிற ஆசிரியரின் குரல் எந்தக் கட்டையில் நிற்கிறதோ அதுதான் சுருதி. கீபோர்டு வாசிக்கிறவர் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டி அதைச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது அந்தர காந்தாரம், அதாவது மாயாமாளவகௌளை ராகத்தில் வரும் க. ஒரு ஸ்தாயி (ச முதல் மேல் ச வரை) 1200 சென்ட் என்றால், தம்புராவோடு இழையும் காந்தாரம் சட்ஜமத்திலிருந்து 386 சென்ட்டில் இருக்கிறது. கீபோர்டு தருவதோ 400. நல்ல காதுக்கு இந்த 14 சென்ட் உறுத்தும்.

எனக்குப் பிடித்த தீர்வு, ஸ்தாயியை 12க்குப் பதில் 53 சம பங்காகப் பிரித்து ஐசோமார்ஃபிக் பலகையில் அமைப்பது. அதில் சட்ஜமத்தை எங்கே நகர்த்தினாலும் ராகத்தின் விரல் அமைப்பு மாறாது. ஒரு ஸ்தாயிக்குள் 22 சுருதி என்றுதானே படித்தோம், 22 ஆகப் பிரித்தால் என்ன என்று தோன்றும். வேண்டாங்க. சமமாக 22 ஆக்கினால் பஞ்சமம் 709 சென்ட்டுக்கு ஏறிவிடும். சுத்த பஞ்சமம் 702. ஐம்பத்துமூன்றில் பஞ்சமம் 701.9, காந்தாரம் 384.9.

லாஞ்ச்பேட் போல 8×8 பட்டன் பலகை ஒன்றும், கணினியில் சர்ஜ் எக்ஸ்டி என்ற இலவச சிந்தசைசரும் போதும். பட்டனுக்குப் பட்டன் மிடி எண்ணை (எந்தப் பட்டன் என்று பலகை கணினிக்குச் சொல்லும் எண்) மாற்ற முடிகிற பலகையா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

படி 1: நோட்பேடில் இரண்டு கோப்புகள். எஸ்சிஎல் (.scl) கோப்பு ஸ்தாயியை எப்படிப் பிரிப்பது என்று சொல்வது; அதில் மூன்றே வரி: ஏதாவது ஒரு பெயர், 1, 22.641509. அதாவது 1200ஐ 53ஆல் வகுத்தது. ஒவ்வொரு மிடி எண்ணுக்கும் ஒரு பங்கு ஏறும். கேபிஎம் (.kbm) கோப்பு எந்த மிடி எண்ணுக்கு எந்த அதிர்வெண் என்று சொல்வது; அதில் வரிக்கு ஒன்றாக 0, 0, 127, 44, 44, 261.63, 1. மிடி எண் 44தான் நம் சட்ஜமம், அதன் அதிர்வெண் 261.63, அதாவது 1 கட்டை (கீபோர்டின் C) என்று இது சொல்கிறது. 5 கட்டை வேண்டுமென்றால் 261.63ஐ அழித்துவிட்டு 196 போடுங்கள். இரண்டையும் சர்ஜில் ஏற்றுங்கள்.

படி 2: பலகைக்கு எண் கொடுப்பது. எல்லாம் இதில்தான் இருக்கிறது. கீழ் இடது மூலைக்கு 36. வலப்பக்கம் போகப் போக 9 கூட்டுங்கள், மேலே போகப் போக 4 கூட்டுங்கள். மேல் வலது மூலை சரியாக 127இல் முடிந்தால் கணக்கு சரி. 9 பங்கு என்பது சதுஸ்ருதி ரிஷபம் (சங்கராபரணத்தின் ரி), அதனால்தான் அந்த எண். கீழிருந்து மூன்றாம் வரிசையில் முதல் பட்டன் 44, அதுதான் ச. மூலையிலேயே சட்ஜமத்தை வைக்கக் கூடாது. சுத்த ரிஷபத்துக்கு (மாயாமாளவகௌளையின் ரி) விரல் ஒரு வரிசை கீழே இறங்க வேண்டும்.

படி 3: மாயாமாளவகௌளை. ச 44, ரி 49, க 61, ம 66, ப 75, த 80, நி 92, மேல் ச 97.

மெதுவாக வாசித்துப் பாருங்கள். சட்ஜமத்திலிருந்து ரிஷபம் வலப்பக்கம் ஒன்று, கீழே ஒன்று. பஞ்சமத்திலிருந்து தைவதமும் அப்படியேதான். ச–க, ப–நி இரண்டுமே வலப்பக்கம் ஒன்று, மேலே இரண்டு. சரளி வரிசையில் ராகத்தின் முற்பாதியும் பிற்பாதியும் ஒரே அச்சு என்று வாத்தியார் சொல்வதை இங்கே விரலே சொல்லிவிடும்.

அப்புறம் 2 கட்டை வேண்டுமென்றால் கையை ஒரு பட்டன் வலப்பக்கம் தள்ளினால் போதும். அப்படி இரண்டு பட்டன் வரைக்கும் தள்ளலாம். அதற்கு மேல் மேல் சட்ஜமம் பலகையைத் தாண்டிவிடும், கோப்பில் அதிர்வெண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.

தம்புரா செயலியைப் போட்டுவிட்டு 44, 61, 75 மூன்றையும் ஒன்றாக அழுத்திக் கேளுங்கள். பிறகு காந்தாரத்தை விட்டு, 44க்கு வலப்பக்கம் இரண்டாவதான 62ஐ அழுத்துங்கள். 408 சென்ட்டில் ஒலி அலையடிப்பது தெரியும்.

கமகத்துக்கு இந்தப் பலகை உதவாது. பட்டன் அசையாது, ஸ்வரமும் அசையாது. பாட்டுக்குத் துணையாகவும் காதுப் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கராபரணத்துக்கு ரிஷபம் 53. தைவதம் 83, 84 என்று இரண்டு கிடைக்கும்: மத்யமத்தோடு இழைவது 83, ரிஷபத்தோடு இழைவது 84.