அதுவா, அவளா? செயற்கை உயிர்க் கதைகளில் ‘இயல்பு’ என்னும் அளவுகோலைக் கண்டறியும் முறை

செயற்கை மனிதர்கள் வரும் அறிவியல் புனைகதையைப் படிக்கும்போது, அந்த இயந்திரம் நம்மைப் போல இருக்கிறதா என்றுதான் பெரும்பாலும் பார்க்கிறோம். ‘இயல்பான மனிதன் இப்படித்தான் இருப்பான்’ என்று கதைக்குள் யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்று தேடுவது இன்னும் பயனுள்ள வாசிப்பு. ஒருமுறை படித்து முடித்த கதையும் ஒரு பென்சிலும் இதற்குப் போதும்.

படி 1: சோதனை நடக்கும் இடத்தைக் குறியுங்கள்

அது வெளிப்படையான சோதனையாக இருக்க வேண்டியதில்லை. மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலில், செயற்கையாக உருவாக்கப்பட்ட உயிர் சொல்வதைப் பார்வையற்ற முதியவர் பரிவோடு கேட்கிறார். வீடு திரும்பிய மகனோ அதன் உருவத்தைக் கண்டதுமே தடியால் அடிக்கிறான். அளக்கும் பொறுப்பு காதிலிருந்து கண்ணுக்கு மாறியதே அங்கு நடந்தது.

படி 2: அளவுகோலை ஒரே வரியில் எழுதுங்கள்

‘இரக்கப்படுபவனே மனிதன்’ என்பது போல எழுதினால் போதும்.

படி 3: அதே கோலால் மனிதர்களை அளந்து பாருங்கள்

ஃபிலிப் கே. டிக் எழுதி 1968இல் வெளியான, பின்னர் ‘பிளேட் ரன்னர்’ திரைப்படத்துக்கு அடிப்படையான நாவலில், ஒருவர் ஆண்ட்ராய்டா (மனித உருவில் செய்யப்பட்ட செயற்கை உயிரா) என்று அறியக் கேள்விகள் கேட்டு, முகம் சிவப்பதையும் கண் தசைகளின் அசைவையும் கருவியால் அளக்கிறார்கள். உணர்ச்சிகள் மங்கிய மனநோயாளிகள் சிலரும் இதில் தோற்றுவிடக்கூடும் என்ற அச்சத்தையும் அந்த நாவலே எழுப்புகிறது. இயந்திரத்தைப் பிடிக்க விரித்த வலையில் மனிதன் சிக்கும் இந்த இடத்தை இரண்டு முறை கோடிடலாம்.

படி 4: வினைமுற்றுகளைக் கவனியுங்கள்

தமிழில் படிப்பவருக்குக் கிடைக்கும் வசதி இது. மக்களைச் சுட்டுவது உயர்திணை, அவரல்லாத பிற அஃறிணை என்றுதான் தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் தொடங்குகிறது. ஆகவே ஒரு செயற்கை உயிரைப் பற்றித் தமிழில் எழுதுபவர், திணையைத் தீர்மானிக்காமல் ஒரு வினையைக்கூட எளிதில் முடிக்க முடியாது.

‘கதவைத் திறந்தது, மழையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றது’ என்று எழுதிப் பாருங்கள். ஏதோ பழுது என்று தோன்றும். ‘திறந்தாள், நின்றாள்’ என்று மாற்றியவுடன் அவளுக்கு என்ன துயரமோ என்று மனம் தேடத் தொடங்குகிறது. உயர்திணை ஒருமைக்கு வரும்போது ஆண் அல்லது பெண் என்றும் சொல்லியாக வேண்டும்; தவிர்க்க விரும்பி ‘அவர்’ என்றால் மரியாதையும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. (மொழிபெயர்ப்பாளர்கள் பாவம்தான்.)

படி 5: திணை மாறும் பக்கத்துக்குத் திரும்புங்கள்

‘அது’ முதன்முறையாக ‘அவள்’ ஆகும் வரிக்கு முந்தைய பத்தியை மீண்டும் படித்து, அதில் அவள் அழுதாளா, பொய் சொன்னாளா, கட்டளையை மறுத்தாளா என்று ஓரத்தில் எழுதுங்கள். பிறகு படி 2இல் எழுதிய வரியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால், அடித்துத் திருத்த வேண்டியது அந்தப் பழைய வரியைத்தான்.