152830 டின்கினேஷ் = 1999 விடி57 (VD57): சிறுகோளின் பெயரையும் பாதையையும் படிக்கும் முறை

சிறுகோள் பட்டியலில் ஒரு வரிக்கு ஒரு எண், ஒரு பெயர், பிறகு ஆண்டோடு சேர்ந்த ஒரு விநோதக் குறியீடு இருக்கும். இந்த மூன்றும் வெவ்வேறு காலத்தில் ஒட்டியவை. டின்கினேஷ் என்ற சிறுகோளை வைத்து, முதலில் வந்த குறியீட்டிலிருந்து தொடங்குவோம். வர்க்கமூலம் போடும் கால்குலேட்டர் ஒன்று போதும்.

படி 1: குறியீட்டைப் பிரியுங்கள்

'1999' கண்டுபிடித்த ஆண்டு. அடுத்த எழுத்து 'வி' (V), மாதத்தின் எந்தப் பாதி என்பதைச் சொல்லும். 1 முதல் 15 வரை ஒரு பாதி, 16 முதல் மாதக் கடைசி வரை மறுபாதி, ஆண்டுக்கு 24. ஆங்கில வரிசையில் 'வி' 22-வது எழுத்து. ஆனால் 'ஐ' (I) எண் ஒன்றைப் போலத் தெரிவதால் அதை விட்டுவிடுவார்கள்; எனவே இது 21-வது பாதி, நவம்பர் 1–15. நியூ மெக்ஸிகோவின் சொகோரோவில் லீனியர் என்ற சிறுகோள் தேடும் ஆய்வுத்திட்டம் இதைக் கண்டது நவம்பர் 4 அன்று. சரியாகப் பொருந்துகிறது. 'ஐ'-யைக் கழிக்க மறந்தால் அரை மாதம் தள்ளிப் போய்விடும்; புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

படி 2: வரிசையைக் கணக்கிடுங்கள்

இரண்டாம் எழுத்து அந்தப் பாதி மாதத்துக்குள் எத்தனையாவது என்பதைக் காட்டும். இங்கும் 'ஐ' கிடையாது, ஆகவே 25 எழுத்துகள். அவை தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கி, எத்தனை சுற்று முடிந்தது என்பதைப் பின்னால் எண்ணாக எழுதுவார்கள். 'டி' (D) நான்காவது எழுத்து. 57 சுற்றுகள் முடிந்துள்ளன:

57 × 25 + 4 = 1429

அதாவது அந்தப் பதினைந்து நாளில் குறியீடு பெற்ற 1429-வது பொருள். ஒப்பிட, ஷ்டெய்ன்ஸ் சிறுகோளின் குறியீடு 1969 விசி (VC). 'சி'-க்குப் பின்னால் எண்ணே இல்லை, எனவே மூன்றாவது. அதுவும் நவம்பர் 4-இல் கண்டதுதான், முப்பது ஆண்டு முன்னால்! தானியங்கித் தேடல் வந்தபின் எண்ணிக்கை எப்படி எகிறியது என்பது இந்த இரண்டு குறியீடுகளிலேயே தெரிகிறது.

படி 3: எண்ணையும் பெயரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்

152830 என்பது கண்டுபிடிப்பு வரிசை அல்ல. பாதை நம்பகமாகத் தெரிந்த பிறகே சிறுகோள் மையம் (இவற்றைப் பதிவு செய்யும் பன்னாட்டு அமைப்பு) நிலையான எண் தரும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள பட்டையில் சுற்றும் சிறுகோளுக்கு வழக்கமாக நான்கு எதிர்நிலைகளிலாவது அதைப் பார்த்திருக்க வேண்டும். எதிர்நிலை என்றால் சூரியனுக்கும் சிறுகோளுக்கும் நடுவே பூமி வரும் சமயம். டின்கினேஷுக்கு அது ஏறத்தாழ 17 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். பழைய படங்களில் சிக்கியிருந்தால் காத்திருப்பு குறையும்.

எண் கிடைத்த பிறகுதான் பெயர். 16 எழுத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும்; அரசியல், போர் சார்ந்தவர்களின் பெயர் என்றால் அவர் இறந்து 100 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். நாசாவின் லூசி விண்கலம் இதைக் கடந்து செல்லப்போகிறது என்று முடிவானபின், 2023-இல்தான் பெயர் வந்தது. எத்தியோப்பியாவில் கிடைத்த, லூசி என்னும் மனித மூதாதைப் புதைபடிவத்தின் அம்ஹாரிக் (அந்நாட்டு மொழி) பெயர்தான் டின்கினேஷ்.

படி 4: சுற்றுக்காலம்

சூரியனை ஒருமுறை சுற்ற ஆகும் காலம் இது. பாதை விவரத்தில் அரை நெட்டச்சை (நீள்வட்டப் பாதையின் நீண்ட விட்டத்தில் பாதி) எடுங்கள்: 2.19 வானியல் அலகு; ஒரு அலகு என்பது சூரியனுக்கும் பூமிக்குமான சராசரி தூரம். மும்முறை பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள்.

2.19 × 2.19 × 2.19 = 10.50, வர்க்கமூலம் 3.24 ஆண்டு

கிலோமீட்டரில் போட்டால் இந்தச் சூத்திரம் வேலை செய்யாது. பூமியின் தூரத்தை 1 என்றும் அதன் சுற்றுக்காலத்தை 1 என்றும் வைத்துக்கொள்வதால்தான் கணக்கு இவ்வளவு எளிதாகிறது.

படி 5: அருகும் தொலைவும்

மையத்தொலைத்தகவு, அதாவது பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதன் அளவு, 0.11. அதை 1-லிருந்து கழித்தும் 1-உடன் கூட்டியும் பெருக்குங்கள். சூரியனை நெருங்கும்போது 2.19 × 0.89 = 1.95, விலகும்போது 2.19 × 1.11 = 2.43 வானியல் அலகு. 2.19 என்பதை இன்றைய தூரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

படி 6: வியாழனோடு ஒப்பிடுங்கள்

வியாழனின் சுற்றுக்காலம் 11.86 ஆண்டு. 2.5 வானியல் அலகில் ஒரு சிறுகோள் இருந்தால் படி 4-இன்படி 3.95 ஆண்டு வரும். வியாழன் ஒருமுறை சுற்றுவதற்குள் அது சரியாக மூன்றுமுறை சுற்றிவிடும். வியாழனின் இழுப்பு திரும்பத் திரும்ப ஒரே இடங்களில் விழுந்து பாதையை நீட்டிவிடுவதால் அங்கே சிறுகோள்கள் அரிது. அந்த வெற்றிடம் கிர்க்வுட் இடைவெளிகளில் ஒன்று. டின்கினேஷுக்கு 11.86 ÷ 3.24 = 3.66, அது இடைவெளிக்கு உள்பக்கம், சூரியனை நோக்கிய பகுதியில் சுற்றுகிறது.